எண்ண ஆரம்பிச்ச தேதி

2018 அக்டோபர்ல ஒரு ராத்திரி தூக்கம் வராம ஃபோனை நோண்டிக்கிட்டு இருந்தப்போ ஒரு செய்தி கண்ணுல பட்டுச்சு. கரீபியன் கடல்ல இருக்குற போர்ட்டோ ரிக்கோ தீவோட வடகிழக்குல லுகியோன்னு ஒரு மலைக்காடு, நல்ல மழைக்காடு. அங்க 1976 ஜூலையிலயும் 1977 ஜனவரியிலயும் பூச்சி பிடிச்சு எடை போட்ட பிராட்ஃபோர்ட் லிஸ்டர்ங்கிற ஆராய்ச்சியாளர், முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரேஸ் கார்ஸியாவோட திரும்ப அதே இடத்துக்குப் போயிருக்கார். 2011ல இருந்து 2013 வரைக்கும் அதே மாதிரி பிடிச்சு எடை போட்டுப் பார்த்தா, செடிகொடி மேல வலையை வீசிப் பிடிச்ச பூச்சி 4ல இருந்து 8 மடங்கு வரை குறைஞ்சிருக்கு, பசை தடவி வச்ச பொறியில விழுந்தது 30ல இருந்து 60 மடங்கு வரை குறைஞ்சிருக்கு. பூச்சியை நம்பி வாழுற பல்லி, தவளை, குருவி எல்லாம் கூடவே குறைஞ்சிருக்கு. காட்டுல வெப்பம் 2 டிகிரி ஏறினதுதான் காரணம்னு அவங்க எழுதியிருந்தாங்க. உலகம் பூரா பேப்பர்ல பெரிய எழுத்துல வந்துச்சு. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுருச்சு. அந்த ராத்திரியே உக்காந்து ஃபேஸ்புக்ல நீளமா எழுதினேன், பூச்சிமருந்து அடிக்காத, மரம் வெட்டாத காட்டுலயே இந்தக் கதின்னா நம்ம வயல்ல என்ன மிச்சம் இருக்கும்னு. நிறைய பேர் பகிர்ந்தாங்க. நான் எழுதினதுலயே ரொம்பப் பேர் படிச்சது அதுதான்.

சரியா ஒரு மாசம் கழிச்சு, நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி, கஜா புயல் அடிச்சுச்சு.

கஜா பத்தி டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இல்ல. நாலாம் நாள் பேராவூரணிப் பக்கம் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன், கரண்ட் இல்ல, டவர் இல்ல, தோப்புல தொண்ணூறு மரத்துக்கு மேல படுத்துக் கிடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி திண்ணையில படுத்திருந்தப்போ என்னமோ ஒண்ணு சரியில்லாத மாதிரியே இருந்துச்சு, என்னன்னு புரியல, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உறைச்சுச்சு, சில்வண்டு சத்தம் இல்ல. சின்ன வயசுல இருந்து அந்தத் திண்ணையில படுத்தா காதுக்குள்ள கொய்ய்னு ஓடிக்கிட்டே இருக்குற அந்தச் சத்தம் மொத்தமா நின்னு போயிருந்துச்சு. விளக்கு கொளுத்தி வச்சா வந்து மொய்க்குற ஈசல், அந்து எதுவும் வரல. எல்லாம் முடிஞ்சுருச்சுன்னு நினைச்சேன். நான் எழுதினது என் வீட்டு வாசல்லயே நடந்துருச்சுன்னு நினைச்சேன்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி மாமா ஃபோன் பண்ணார். "மாப்ள, நீ என்னமோ உலகத்துல பூச்சியெல்லாம் அழிஞ்சு போச்சுன்னு எழுதுனியாமே, பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. இங்க ஒரு நடை வந்து பாருய்யா." குரல்ல கோவம் இல்ல, ஆனா ரொம்ப அலுத்துப் போயிருந்தார்.

போனேன். விழுந்த மரங்களைத் துண்டு போட்டு வரப்போரமா அடுக்கி வச்சிருந்தார், வாங்க ஆள் இல்ல, சுத்துவட்டாரம் பூரா எல்லார் தோப்புலயும் மரம் கிடக்கும்போது யார் வந்து வாங்குவா. பாதி மக்கின ஒரு துண்டைக் கடப்பாரையால நெம்பிப் பிளந்தார். உள்ள நார் எல்லாம் ஈரமா, காபித்தூள் மாதிரி உதிர்ந்து, அதுக்குள்ள வெள்ளை வெள்ளையா புழு. கட்டைவிரல் தடிமன், அரைவட்டமா சுருண்டு, தலை மட்டும் செங்கல் நிறத்துல கெட்டியா. ஒண்ணை எடுத்து என் உள்ளங்கையில வச்சார். குளிர்ச்சியா இருந்துச்சு, மெதுவா நெளிஞ்சுச்சு, வால் பக்கம் தோல் வழியா உள்ள இருக்குற கருப்பு சாணி மாதிரி ஒண்ணு தெரிஞ்சுச்சு, அது அந்த மரம்தான், தின்னு முடிச்ச மரம். அந்த ஒரு துண்டுல மட்டும் பதினேழு எண்ணினேன். காண்டாமிருக வண்டோட புழு. மக்கின தென்னந்துண்டும் எருக்குழியும்தான் அது முட்டை வைக்குற இடம், கஜா ஒரே ராத்திரியில அதுக்கு மாவட்டம் பூரா தொட்டில் கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கு. வளர்ந்த வண்டு என்ன பண்ணுதுன்னு காட்ட, நிக்குற மரத்தைக் கை காட்டினார். விரிஞ்ச மட்டை ஒவ்வொண்ணும் கத்திரிக்கோலால விசிறி மாதிரி வெட்டி விட்ட கணக்கா இருந்துச்சு, குருத்துக்குள்ளயே துளை போட்டுத் தின்னதால விரியும்போது அந்த வடிவத்துல விரியுது. புயல்ல சாய்ஞ்சு பிழைச்ச ஒரு மரத்துல காதை வைக்கச் சொன்னார். உள்ள கரகரன்னு மெல்லுற சத்தம். "இது செவப்புக் கூன்வண்டு. காயம் பட்ட மரத்து வாடையை மோந்துக்கிட்டே வந்துரும்"னார்.

பஸ்ல திரும்பி வரும்போது ஒரே குழப்பம். புயலுக்கு மறுவாரம் அந்தத் திண்ணையில சில்வண்டு இல்லாம கிடந்தது உண்மை. பதினோரு மாசம் கழிச்சு அதே தோப்புல ஒரு துண்டு மரத்துல பதினேழு புழு எண்ணினதும் உண்மை. இதுல எதை வச்சு நான் பூச்சி குறைஞ்சுதா கூடுச்சான்னு சொல்றது? தோப்பு காடு இல்லதான், ஒரே ஜாதி மரம், மனுஷன் வச்சது. அப்போ காட்டுல என்ன நடக்குது? நான் அவ்வளவு உறுதியா எழுதின அந்த லுகியோ காட்டுக்கே திரும்பப் போய்ப் படிக்க ஆரம்பிச்சேன். இந்தத் தடவை செய்தி இல்ல, ஆராய்ச்சிக் கட்டுரைகளை. வேலை முடிச்சு வந்து ராத்திரி ராத்திரியா படிச்சதுல ரெண்டு வருஷம் போச்சு.

ஹியூகோ வந்த நாள்

லுகியோ காடு புயல்லயே வளர்ந்த காடு. 1928ல சான் ஃபெலிபே, 1932ல சான் சிப்ரியான், அதுக்கப்புறம் அந்தக் காட்டை அந்த அளவுக்கு நேரா அடிச்ச புயல் 1989 செப்டம்பர் 18ஆம் தேதி வந்த ஹியூகோதான். 1988லதான் அங்க நீண்டகால ஆய்வுத் திட்டம் ஒண்ணை ஆரம்பிச்சிருந்தாங்க, ஆரம்பிச்ச ஒரு வருஷத்துல புயல். எல் வெர்டேங்கிற ஆய்வு நிலையத்தைச் சுத்தி ஒரு வருஷம் முழுக்க விழ வேண்டிய இலையும் குச்சியும் ஒரே நாள்ல விழுந்துச்சு, அதைவிடவும் கூடவே விழுந்துச்சு. அதுவும் பச்சையா. இதை நான் முன்னாடி யோசிச்சதே இல்ல. மரம் ஒரு இலையைத் தானா உதிர்க்கும்போது அதுல இருக்குற சத்தைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக்கிட்டுத்தான் விடும், பழுத்து மஞ்சளாகி விழறது அதனாலதான். புயல் பிச்சு எறியுற இலை அப்படி இல்ல, சத்தோட சேர்ந்து விழுது. தரையில கிடக்குற பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது பெரிய விருந்தா இருக்கணும். ஆனா அதே நேரத்துல மேல கூரை போயிருச்சு. இருட்டும் ஈரமுமா இருந்த தரையில நேரா வெயில் விழுது.

அந்தக் காட்டுல குச்சிப்பூச்சி ஒண்ணு இருக்கு, லாம்போனியஸ்னு பேர். றெக்கை இல்ல, பகல்ல குச்சியோட குச்சியா ஒட்டிக்கிட்டு ராத்திரியில மிளகு ஜாதிச் செடியில மெதுவா ஏறி இலை தின்னும். புயல் வரும்போது பறந்து போகவும் முடியாது, ஓடவும் முடியாது, அப்படியே செடியோட மூழ்கணும். மைக்கேல் வில்லிக்ங்கிறவரும் கூட்டாளிகளும் ஹியூகோவுக்கு முன்னாடியே அதையும் அங்க இருக்குற நத்தைகளையும் ராத்திரி டார்ச் அடிச்சு எண்ணிக்கிட்டு இருந்தாங்க, அதனாலதான் புயலுக்கு அப்புறம் எவ்வளவு படுமோசமா விழுந்துச்சுன்னு அவங்களால சொல்ல முடிஞ்சுச்சு. மறுபக்கம் கோக்கித் தவளை. பேரே அது கத்துற சத்தம்தான், கோ-கீ, கோ-கீன்னு, போர்ட்டோ ரிக்கோக்காரங்களுக்கு அது உசிரு. அந்தத் தவளை ஒரு வருஷத்துக்குள்ள முன்னாடி இருந்ததைவிடப் பல மடங்கு பெருகிருச்சு. விழுந்து கிடந்த இலைதழைக்குள்ள ஒளிய ஏகப்பட்ட இடம், அதைப் பிடிச்சுத் தின்னுற பெரிய சிலந்தி மாதிரி ஜீவன்களோ குறைஞ்சு போச்சு.

அப்புறம் புழு. வெயில் விழுந்ததும் மண்ணுல வருஷக்கணக்கா தூங்கிக்கிட்டு இருந்த விதையெல்லாம் முளைச்சு, காட்டுத் தரை பூரா இளசான, தண்ணிச்சத்துள்ள கொடியும் செடியுமா மண்டிருச்சு. அதுல கம்பளிப்பூச்சியும் புழுவும் ஜாதி ஜாதியா பெருகி ஒட்ட மொட்டையடிச்சுச்சு. அதுல முக்கியமான ஒண்ணு ஸ்போடோப்டெரா எரிடேனியா. இந்தப் பேரைப் படிச்சதும் நிமிர்ந்து உக்காந்தேன். ஸ்போடோப்டெரா நமக்குத் தெரிஞ்ச குடும்பம். நிலக்கடலையில, மிளகாயில விழுற புரோட்டீனியாப் புழு அந்த ஜாதி. 2018ல இந்தியாவுக்குள்ள வந்து நம்ம மக்காச்சோளத்தை நாசம் பண்ண படைப்புழுவும் அதே ஜாதி. நம்ம வயல்ல மருந்தடிச்சும் தீராத ஜாதி, அங்க காட்டுல கொஞ்ச காலத்துலயே அடங்கிருச்சு. புழுவுக்குள்ள முட்டை வைக்குற குளவிகள் பின்னாடியே வந்துருச்சு, தின்ன இளஞ்செடிகளும் தீர்ந்து போச்சு, மேல நிழல் திரும்பினதும் அந்தச் செடிகளே முளைக்கல. யாரும் எதுவும் பண்ணல.

டிமோதி ஷோவால்டர்னு ஒருத்தர், லூசியானாவுல பூச்சியியல் பேராசிரியரா இருந்தவர், மரத்தோட உச்சாணிக் கிளைகளைப் பார்த்துக்கிட்டார். நீளமான கம்பு முனையில பிளாஸ்டிக் பையை மாட்டி, கிளை நுனியை டக்குனு பைக்குள்ள விட்டு வாயை இறுக்கி வெட்டி எடுத்து, அதுக்குள்ள இருக்குற ஒவ்வொரு பூச்சியையும் எண்ணுறது. புயல் திறந்து விட்ட இடைவெளியில நிக்குற மரத்துல செதில்பூச்சி, அசுவினி மாதிரி சாறு உறிஞ்சுற கூட்டம் அதிகம். கூரை மூடியிருக்குற இடத்துல இலை கடிச்சுத் தின்னுறதும் அதுகளை வேட்டையாடுறதும் அதிகம். இது ஏன்னு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். யூரியாவை அள்ளிப் போட்ட வயல்ல துளிர் கொழுகொழுன்னு வந்ததும் அசுவினி வந்து அப்பிக்கும்ல, அதேதான். கிளை முறிஞ்ச மரம் வெறி பிடிச்ச மாதிரி துளிர் விடுது, துளிர்ல சாறு ஓடுது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுறவனுக்கு அதைவிட என்ன வேணும்.

ஆக ஒரே காடு, ஒரே புயல். குச்சிப்பூச்சியைக் கேட்டா உலகம் முடிஞ்சுச்சு. அசுவினியைக் கேட்டா இப்பதான் ஆரம்பிக்குது. அதுவும் அடுத்த அஞ்சு வருஷத்துல, பத்து வருஷத்துல மாறும். வெள்ளி மாதிரி இலைக்கு அடியில பளபளக்குற யக்ரூமோ மரங்கள் கிடுகிடுன்னு வளர்ந்து திரும்பக் கூரை போடும், அதுக்குக் கீழ தபோனுகோ மரங்கள் நிதானமா இடத்தைப் பிடிக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் வேற வேற பூச்சிக்குக் காலம். பூச்சி குறைஞ்சுச்சான்னு மொட்டையா கேக்குற கேள்வியே சரியில்லன்னு இங்கதான் எனக்கு மெதுவா புரிய ஆரம்பிச்சுச்சு.

கையால ஒரு புயல்

இதுல என்னை ரொம்பப் பிடிச்சு நிறுத்தின விஷயம் ஒண்ணு. புயல் வந்தா ரெண்டு காரியம் ஒரே நேரத்துல நடக்குது, கூரை திறக்குது, குப்பை விழுது. பூச்சிகள் மாறுறது எதனால, வெயிலாலயா குப்பையாலயா? நிஜப் புயல்ல ரெண்டையும் பிரிக்கவே முடியாது. அதனால அந்த ஆய்வாளர்கள் தாங்களே புயல் பண்ணாங்க. மூணு இடத்துல, இடத்துக்கு நாலு சதுரம், ஒவ்வொண்ணும் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 2004 அக்டோபர்ல இருந்து 2005 ஜூன் வரைக்கும் மரம் ஏறுறவங்க மேல போய் கிளைகளை வெட்டினாங்க. ஒரு சதுரத்துல கூரையை வெட்டி, குப்பையை அங்கயே கீழ பரப்பி வச்சாங்க, அது முழுப் புயல். இன்னொண்ணுல வெட்டிட்டுக் குப்பையை மொத்தமா அள்ளிட்டாங்க. அந்தக் குப்பையைக் கொண்டுபோய் கூரை வெட்டாத மூணாவது சதுரத்துல கொட்டினாங்க. நாலாவதைத் தொடவே இல்ல. ஈரமான மலைச்சரிவுல, கொட்டுற மழையில, கட்டுக்கட்டா பச்சைக் கிளையை எடை போட்டு ஒரு சதுரத்துல இருந்து இன்னொரு சதுரத்துக்கு ஆள் சுமந்து போறதை நினைச்சுப் பாருங்க. ஒரு கேள்விக்குப் பதில் தெரியணும்னு இவ்வளவு பாடுபடுறவங்களைப் பார்த்தா எனக்குக் கும்பிடணும் போல இருக்கு.

பதில் என்ன வந்துச்சுன்னா, குப்பையைவிட வெயில்தான் பெரிசு. கூரை திறந்த இடத்துல தரையில கிடக்குற சருகு காய்ஞ்சு போச்சு. சருகை ஒண்ணோட ஒண்ணு நூல் போட்டுத் தைச்ச மாதிரி பிடிச்சு வச்சிருக்குற வெள்ளைப் பூஞ்சை இழைகள் காய்ஞ்சு அறுந்துச்சு, அதை நம்பி வாழுற கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் கூட்டத்துல வகைகள் குறைஞ்சுச்சு. எனக்குத் திரும்பவும் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்துச்சு. சில்வண்டு எல்லாம் செத்தே போச்சுன்னு நான் நினைச்சேன். செத்ததும் இருக்கலாம். ஆனா நிழல் போன தோப்புல, ஈரம் போன சருகுல, இருந்ததுகூட வாயைத் திறக்காம மண்ணுக்குள்ள போயிருக்கலாம். நான் கேட்டது ஒரு ராத்திரி, ஒரு திண்ணை, ரெண்டு காது.

ரெண்டு நாள் கணக்குக்கு நடுவுல

இப்ப அந்த முக்கியமான விஷயத்துக்கு வரேன். லிஸ்டர், கார்ஸியா கட்டுரை வந்த அடுத்த வருஷமே, 2019ல, லுகியோவுலயே காலம் காலமா வேலை பார்க்குற வில்லிக், ஷோவால்டர், இன்னும் பலர் சேர்ந்து அதே இதழுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாங்க. எண்ணிக்கை அப்படி விழல, உணவுச் சங்கிலி சரியவும் இல்லன்னு. லிஸ்டர் தரப்பும் பதில் எழுதினாங்க. 2021 ஜனவரியில ஷோவால்டர் தரப்பு முழுக் கட்டுரையே போட்டாங்க, ஹியூகோவுக்கு அப்புறம் கிட்டத்தட்ட 30 வருஷம் எண்ணின கணக்கை வச்சு. பூச்சிகள் ஒரே பக்கமா குறைஞ்சுக்கிட்டே போகல, புயலுக்கும் வறட்சிக்கும் தக்க ஏறி இறங்குதுன்னு. பெரிய எழுத்துல எந்தப் பேப்பர்லயும் இது வந்த மாதிரி எனக்குத் தெரியல, என் கண்ணுல படவே மாசக்கணக்காச்சு. வந்திருந்தாலும் நான் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உக்காந்து பதிவு போட்டிருப்பேனா? மாட்டேன். அதை ஒத்துக்கணும்.

அந்தக் கடிதத்துல ரெண்டு விஷயம் என்னை அப்படியே உக்கார வச்சுருச்சு. ஒண்ணு, அந்த 2 டிகிரி. எல் வெர்டே நிலையத்துல 1992 வாக்குல வெப்பம் அளக்குற கருவியை மாத்தியிருக்காங்க, அந்த இடத்துல கணக்கு ஒரு படி எகிறுது, காடு அவ்வளவு சூடாகலன்னு அவங்க சொன்னாங்க. கருவி மாத்தினது எங்கயோ ஒரு பழைய ரெஜிஸ்டர்ல ஒரு வரியா கிடந்திருக்கும், அதைத் தெரிஞ்சு வச்சிருக்க அங்கயே கிடந்த ஆள் வேணும்.

ரெண்டாவது விஷயத்துக்கு நான் ஒரு பேப்பர் எடுத்துக் கோடு போட்டேன். இடது ஓரத்துல 1932, பெரும்புயல். அதுலருந்து தள்ளி 1976, லிஸ்டர் முதல்ல எண்ணின வருஷம். அப்புறம் 1989 ஹியூகோ. 1998 செப்டம்பர் 21 ஜார்ஜஸ்னு இன்னொரு புயல். அப்புறம் 2011, 12, 13, லிஸ்டர் திரும்ப எண்ணின வருஷங்கள். கோட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். 1976ல அவர் வலை வீசினது, பெரும்புயல் அடிச்சு நாப்பத்து நாலு வருஷம் ஆகி, நல்லா ஆறித் தேறி, கூரை மூடி, நிழலா ஈரமா நின்ன காடு. 2012ல அவர் வலை வீசினது, பத்து வருஷ இடைவெளியில ரெண்டு தடவை அடி வாங்கித் தேறிக்கிட்டு இருந்த காடு. இடம் அதேதான், பேரும் அதேதான், ஆனா அது வேற காடு. பூச்சி ஒரே சீரா வருஷா வருஷம் கரைஞ்சு போச்சுன்னு நான் மனசுல போட்டு வச்சிருந்த அந்தச் சரிவுக்கோட்டுக்கு ரெண்டு முனையிலதான் புள்ளி இருக்கு, நடுவுல ரெண்டு புயல். அந்த ரெண்டு புள்ளியையும் சேர்த்து அளவுகோல் வச்சுக் கோடு இழுத்தது நான்தான்.

அதே நேரத்துல மறுபக்கத்தையும் பார்த்துட்டேன், அதுவும் என்னை விடல. ஷோவால்டரோட கிளைக் கணக்கு ஆரம்பிக்கிறது எப்போ? ஹியூகோவுக்கு அப்புறம். அடி வாங்கின காட்டுல இருந்துதான் அந்தக் கணக்கே தொடங்குது. அங்கருந்து பார்த்தா ஏறுது இறங்குது, சரி. ஆனா பெரும்புயலே இல்லாத அந்த நாப்பது வருஷக் காட்டுல என்ன இருந்துச்சுங்கிறதுக்குக் கணக்கு ரொம்ப ரொம்பக் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்துல முக்கியமான ஒண்ணு லிஸ்டர் 1976லயும் 77லயும் பிடிச்ச அந்தச் சில நாள் பூச்சிதான். ஒரு தரப்பு அமைதியான காட்டுல எண்ண ஆரம்பிச்சுது, இன்னொரு தரப்பு அடிபட்ட காட்டுல எண்ண ஆரம்பிச்சுது. ரெண்டு பேருமே நேர்மையாத்தான் எண்ணியிருக்காங்க. எண்ண ஆரம்பிச்ச தேதி கதையைப் பாதி எழுதிடுது. வெப்பக் கணக்குல எனக்கு எதிர்த்தரப்பு சொல்றதுதான் சரின்னு படுது, அந்த 60 மடங்கை எடுத்து நான் உலகம் பூராவுக்கும் பொருத்தினது தப்பு, அந்தப் பதிவுக்குக் கீழ அப்படியே எழுதிட்டேன். பதிவை அழிக்கல, கீழ சேர்த்தேன். மொத்தம் நாலு பேர்தான் படிச்சிருப்பாங்க.

ஆனா இதைப் படிச்சுட்டு, அப்போ கவலையே வேண்டாம், காடு தானா தேறிக்கும்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது. தேறுறதுக்கு நேரம் வேணும். ஹியூகோ மாதிரி ஒரு புயல் அந்தக் காட்டை நேரா அடிக்கிறது சராசரியா 50, 60 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு கணக்கு போட்டு வச்சிருந்தாங்க. 1989, 1998, அப்புறம் 2017. அந்த 2017ல செப்டம்பர் 6 இர்மா தீவை உரசிக்கிட்டுப் போச்சு, ரெண்டு வாரம் கழிச்சு 20ஆம் தேதி மரியா மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துல நேரா ஏறி வந்துச்சு, மேலருந்து எடுத்த படத்துல பச்சை மலை மொத்தமும் பழுப்பா கிடந்துச்சு. ஆய்வாளர்கள் 2014ல அதே சதுரங்கள்ல ரெண்டாவது தடவை கூரையை வெட்டியிருந்தாங்க, புயல் அடிக்கடி வந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க. மூணே வருஷத்துல மரியா வந்து, வெட்டினது வெட்டாததுன்னு பார்க்காம எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிருச்சு. கடல் சூடாக சூடாகப் புயலுக்கு வலு கூடுது. இடைவெளி சுருங்கிக்கிட்டே வந்தா, குச்சிப்பூச்சி மாதிரி மெதுவா நடந்து மெதுவா திரும்புறது முழுசா திரும்புறதுக்குள்ள அடுத்த அடி விழும். அசுவினிக்குப் பிரச்சினை இல்ல, புழுவுக்கும் இல்ல. நிழலும் ஈரமும் பழைய மரமும் வேணும்னு இருக்குற ஜீவன்களுக்குத்தான் காலம் போதாது. 2018ல எனக்கு வந்த பயம் இன்னும் இருக்கு, ஆனா அப்ப பயந்தது வேற, இப்ப பயப்படுறது வேற.

கொடியக்கரையை அடிக்கடி நினைச்சுக்குவேன். கஜா வந்து ஏறின இடத்துக்குப் பக்கத்துலயே இருக்குற காடு, நம்ம கடற்கரையில மிச்சம் இருக்குற உலர் பசுமைக்காட்டுல முக்கியமானது, பறவைக்குக் கால்ல வளையம் போட்டுப் பல பத்து வருஷமா கணக்கு எடுக்குற இடம். புயலுக்கு முன்னாடி நான் அஞ்சாறு தடவை போயிருக்கேன். மானைப் பார்த்தேன், பூநாரையைப் பார்த்தேன், ஃபோட்டோ எடுத்தேன். பாலா மரத்து அடியில உக்காந்து சாப்பிட்டப்போ சருகுக்குள்ள என்னமோ ஊர்ந்துச்சு, என்னன்னு குனிஞ்சு பார்க்கல. இப்ப போய் நான் எதை எண்ணினாலும் அது கஜாவுக்கு அப்புறத்துக் கணக்குதான்.

பானை

போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ மாமா ஒரு கட்டு பேப்பர் எடுத்துட்டு வந்தார். தினக் காலண்டர்ல கிழிச்ச தாள். அவர் தோப்புல மண்பானையைக் கழுத்து வரைக்கும் புதைச்சு, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை அஞ்சு லிட்டர் தண்ணியில ஊற வச்சு ஊத்தி வைப்பார், அந்தப் புளிச்ச வாடைக்குக் காண்டாமிருக வண்டு வந்து விழுந்துரும். விவசாய ஆஃபீஸ்ல சொல்லிக் குடுத்ததுதான். ஒவ்வொரு வாரமும் பானையைப் பார்க்குறப்போ விழுந்த வண்டை எண்ணி அன்னைக்குத் தாளோட பின்பக்கம் எழுதி வச்சிருக்கார். 2019 நவம்பர்ல இருந்து. யாரும் சொல்லல. ஏன் எழுதுனீங்கன்னு கேட்டேன். "குறையுதா இல்லையான்னு எப்படித் தெரியும் பின்ன"ன்னார். தரையில உக்காந்து ரெண்டு பேரும் தேதி வாரியா அடுக்கினோம். முதல் வருஷம் ஒரு பானையில வாரத்துக்கு இருபது, இருபத்தஞ்சுன்னு இருந்துச்சு. மக்கின துண்டையெல்லாம் எரிச்சு, எருக்குழியில புழுவைக் கொல்லுற பச்சைப் பூஞ்சையைக் கலந்ததுக்கு அப்புறம் இறங்கி வருது, 2021 மழையில திரும்ப ஏறுது, அப்புறம் இறங்குது. சில மாசம் தாளே இல்ல, அத்தைக்கு உடம்பு முடியாம தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில இருந்த மாசங்கள்.

"கஜாவுக்கு முன்னாடி எத்தனை விழும் மாமா?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கிட்டு இருந்தார். "அப்ப பானையே வைக்கலையே மாப்ள. மரத்துக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும். கொக்கிக் கம்பியை விட்டு எடுத்துப் போட்டுட்டுப் போயிருவோம். யாரு எண்ணுனா."

இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்கு வாட்ஸ்அப்ல குரல் அனுப்புறார், நான் இங்க ஒரு நோட்டுல எழுதுறேன். நான் கேட்டேன்னு இன்னொரு வேலையும் ஏத்துக்கிட்டார். ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில உக்காந்து அரை நிமிஷம் ஃபோனை அப்படியே நீட்டி வச்சு அந்தச் சத்தத்தையும் அனுப்புறது. போன வாரம் வந்தது: வடக்கு மூலைப் பானை மூணு, கிணத்தடி ஒண்ணு, வேலியோரம் ஒண்ணுமில்ல. அப்புறம் அரை நிமிஷம் சில்வண்டு, நடுவுல எங்கயோ ஒரு நாய், பின்னாடி அத்தை சாப்பிடக் கூப்புடுறாங்க. கடைசியில, ஆமணக்குப் புண்ணாக்கு தீர்ந்து போச்சு, வரும்போது பட்டுக்கோட்டையில ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துரு மாப்ளன்னு.